கடற்கரையும் தீம் பார்க்கும் சேர்ந்த குடும்பச் சுற்றுலா: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

குடும்பத்தோடு வெளியூர் போவது என்று முடிவானதும் பலரும் முதலில் செய்வது அறை போடுவதுதான். அடுத்து டிக்கெட். அப்புறம் பை கட்டுவது. சின்னவனுக்கு எந்த ரைடில் இடமுண்டு, பாட்டியால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது, தேதியை மாற்ற வழியில்லை.

என் வீட்டுக்கும் உறவினர் வீடுகளுக்கும் பலமுறை இந்த மாதிரிப் பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். சறுக்கல் பெரும்பாலும் வரிசையில்தான் நடக்கிறது. நம்மால் மாற்ற முடியாதவற்றை, அதாவது உடம்பு, பருவம், பார்க் திறந்திருக்கும் நாள் ஆகியவற்றை, முதலில் பார்க்க வேண்டும். அறை, டிக்கெட், பை எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை கொஞ்சம்தான். ஓர் அளவு டேப், ஒரு நோட்டு, வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிள்ளைகளின் வயதுச் சான்று. பல பார்க்குகளில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. சில இடங்களில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை வைத்து டிக்கெட் போடுகிறார்கள். வாசலில் வாதாடாமல் இருக்கச் சான்று உதவும்.

1. டேப்பை எடுத்துப் பிள்ளைகளை அளந்துவிடுங்கள்

ரைடில் ஏற்றுவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் உயரம்தான் தீர்மானிக்கிறது. தோளையும் மடியையும் இறுக்கிப் பிடிக்கும் தடுப்புக் கம்பி குறிப்பிட்ட அளவு உடம்புக்குத்தான் சரியாகப் பொருந்தும். அதைவிடச் சிறிய உடம்பு நழுவிவிடலாம். அதனால்தான் இந்த விதியில் ஊழியர்கள் துளியும் இறங்கி வருவதில்லை. கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது.

102, 112, 122 செ.மீ. ஆகியவை பல பார்க்குகளில் அடிக்கடி வரும் எல்லைகள். என் அக்கா மகன் ஒருமுறை நாற்பது நிமிடம் வரிசையில் நின்று அளவுக் கம்பத்துக்கு வந்து சேர்ந்தான். கோடு 122-இல் இருந்தது, அவன் உச்சந்தலை அதற்கு ஒரு விரல் அகலம் கீழே. குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். ஊழியர் அவன் தோளில் மெதுவாகக் கை வைத்துப் பாதத்தைத் தரையில் பதிய வைத்தார். அன்று மாலை வரை அவன் யாரோடும் பேசவில்லை. வீட்டிலேயே அளந்து, “இந்த முறை இது உனக்குக் கிடையாது, இதோ இந்த நாலு ரைடும் உண்டு” என்று சொல்லியிருந்தால் அவன் அந்த நாலுக்காகத் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்திருப்பான்.

எனவே செருப்பில்லாமல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயர விதி இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தனியாக ஏறலாம், பெரியவர் துணையோடு ஏறலாம், ஏற முடியாது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஏற முடியாதவையே அதிகம் என்றால் அந்தப் பார்க்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளி, சிறுவர் பகுதி பெரிதாக உள்ள வேறொன்றைத் தேடுவது நல்லது.

2. வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து முதுகு வலிக்காரர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேகமான ரைடுகளில் ஏறக் கூடாது. ஒவ்வொரு ரைடின் வாசலிலும் இது எழுதியிருக்கும். சுற்றினால் குமட்டல் வருபவர் யார், வெயிலில் தலைவலி வருபவர் யார் என்பதையும் இப்போதே கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் நடை. பெரிய பார்க்கில் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். வீட்டில் அரை மணி நேரம் நடந்தாலே உட்காரும் பெரியவர் இருந்தால், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா, முன்பதிவு வேண்டுமா என்று பாருங்கள். பெரியவர்கள் பலர் “எனக்கு எதுக்கு அது” என்று மறுப்பார்கள். “பையை வைக்கவும் ஆகும், கால் வலித்தால் உட்காரவும் ஆகும்” என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். நாலு வயதுப் பிள்ளை வீட்டில் தள்ளுவண்டியை விட்டுவிட்டிருந்தாலும் பார்க்குக்கு அது தேவைப்படும்.

குழந்தை தூங்கும் நேரத்தையும் நோட்டில் எழுதிவையுங்கள். நாளின் திட்டமே அதைச் சுற்றித்தான் அமையப் போகிறது.

3. இப்போதுதான் தேதி

தேதிக்கு மூன்று விஷயங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கூட்டம். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, பண்டிகை நாட்கள் ஆகியவற்றில் வரிசை நீளும். போகும் ஊரின் பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் விடுமுறையை மட்டும் பார்த்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வார நடுநாட்களில் பெரும்பாலும் கூட்டம் குறைவு.

இரண்டாவது, பார்க்கின் நாட்காட்டி. கூட்டம் குறைந்த மாதங்களில்தான் பெரிய ரைடுகளைப் பராமரிப்புக்காக மூடுவார்கள், பார்க் நேரத்தையும் குறைப்பார்கள். நீர்ப் பூங்கா குளிர்மாதங்களில் முழுவதுமே மூடியிருக்கலாம். பிள்ளை ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் ரைடு அந்த வாரம் ஓடுமா என்று பார்த்துவிட்டுத்தான் தேதியில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, கடல். புயல் பருவமா, அலை உயரும் மாதமா, சொறிமீன்கள் (ஜெல்லி மீன்கள்) கரைக்கு வரும் காலமா என்று அந்தக் கரையைப் பற்றி விசாரியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். ஆழமில்லாத கரையில் சிறுபிள்ளைகளோடு விளையாடப் போகிறீர்கள் என்றால் இடைப்பட்ட வாரம் வசதி.

4. பார்க் முதலில், கடல் பிறகு

நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வது இதைத்தான். இரண்டும் ஒரே பயணத்தில் இருந்தால் பார்க்கை முன்னால் வையுங்கள்.

முதல் காரணம் தோல். முதல் நாள் கடலில் ஆடிவிட்டுத் தோள் சிவந்த பிள்ளையை மறுநாள் ரைடில் உட்கார வைத்தால் அந்தத் தடுப்புக் கம்பி நேராக எரியும் இடத்தில்தான் அழுத்தும். பையின் வாரும் அங்கேதான் உரசும். இரண்டாவது, பார்க்குக்கு விடியற்காலை எழ வேண்டும், நாள் முழுக்க நடக்க வேண்டும். பயணத்தின் தொடக்கத்தில்தான் அந்தத் தெம்பு இருக்கும். மூன்றாவது, மழையோ இடியோ வந்து பார்க் நாள் கெட்டுப்போனால், பின்னால் உள்ள கடற்கரை நாளில் ஒன்றை அதற்குக் கொடுக்கலாம். பார்க்கைக் கடைசியில் வைத்தால் அந்த வசதி கிடையாது.

போய்ச் சேர்ந்த நாளில் எதுவும் வைக்காதீர்கள். இரண்டு பார்க் நாட்களை அடுத்தடுத்து வைப்பதாக இருந்தால் இரண்டாவது நாளைப் பாதி நாளாகக் குறையுங்கள். ஐந்து நாள் பயணம் என்றால் சேர்வதற்கு ஒரு நாள், பார்க்குக்கு ஒரு நாள், காலையில் யாரையும் எழுப்பாத ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். இதற்கு மேல் திணித்த எந்தத் திட்டத்தையும் சிறுபிள்ளைகள் தாங்கி நான் பார்த்ததில்லை.

5. அறை

பார்க்குக்கு அருகில் அறை என்பது ஆடம்பரம் இல்லை. நடுப்பகலில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மாலையில் திரும்பிவர அது ஒன்றுதான் வழி. “15 நிமிடத் தொலைவு” என்று போட்டிருந்தால் அது நடையா, காரா, நெரிசல் நேரத்திலா என்று கேளுங்கள்.

கடற்கரை அறையில் “கடல் தெரியும்” என்பதும் “கடலுக்கு நடந்து போகலாம்” என்பதும் வேறு வேறு. நடுவில் பெரிய சாலை இருக்கிறதா, கரைக்கு இறங்கப் படிக்கட்டு எத்தனை என்று வரைபடத்திலும் விருந்தினர் எடுத்த படங்களிலும் பாருங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, நீச்சல் குளத்துக்கு வேலி, கதவில் மேல்தாழ்ப்பாள் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகே சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு அறை போடுவேன். ரத்து செய்தால் பணம் எந்தத் தேதி வரை திரும்பும் என்பதை நோட்டில் எழுதுங்கள்.

6. டிக்கெட்

அறை உறுதியான பிறகு டிக்கெட். பல பார்க்குகளில் குறிப்பிட்ட தேதிக்கு மட்டுமே செல்லும் டிக்கெட் தருகிறார்கள். சில இடங்களில் டிக்கெட்டோடு தனியாக வருகைப் பதிவும் வேண்டும். டிக்கெட் இருந்தும் பதிவு இல்லாமல் வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசையைக் குறைக்கும் கூடுதல் பாஸ் வேண்டுமா என்பதை உங்கள் முதல் படிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் பிள்ளைகள் ஏறக்கூடிய ரைடுகள் எத்தனை அந்தப் பாஸில் அடங்கும் என்று எண்ணுங்கள். எல்லாப் பிள்ளைகளும் 100 செ.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. வாங்கிய டிக்கெட்டைத் திரையில் படம் பிடித்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இணையம் தடுமாறும், ஒரு போனின் சார்ஜ் தீரும்.

7. பை

பழகிய காலணியையே எடுங்கள். பயணத்துக்கென்று வாங்கிய புதுக் காலணி நண்பகலுக்குள் கொப்புளம் போட்டுவிடும். மாற்றுக் காலுறை ஆளுக்கு ஒன்று. நீர் ரைடில் நனைந்த காலுறையோடு நடந்தாலும் கொப்புளம்தான்.

நீச்சல் உடையின் நிறத்தைப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை, இளஞ்சிவப்பு நிறங்கள் தெரியும். ஜிப், உலோகப் பொத்தான் உள்ள உடையோடு நீர்ச் சறுக்குகளில் பொதுவாக அனுமதிப்பதில்லை, சறுக்குத் தளத்தைக் கீறும் என்பதால்.

மற்றவை: எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள, நீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீன், அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை நீச்சல் சட்டை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பிளாஸ்திரி, மூடக்கூடிய பிளாஸ்டிக் பைகள். அன்றாட மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தாலும் இரவு மருந்து தப்பாது.

8. பார்க் நாள்

திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறும் ரைடுகளை நண்பகலில் ஏற நாள் முழுக்க ஆகும். உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் நிற்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, அங்கேதான் கூட்டம் முதலில் தேங்கும். நேராக உள்ளே போய் உங்கள் பட்டியலின் முதல் பெரிய ரைடில் தொடங்குங்கள்.

ஒரு பிள்ளை ஏறலாம், இன்னொன்று ஏற முடியாது என்றால் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. டிஸ்னி பூங்காக்களில் அதை ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப். ஒரு பெரியவர் ரைடில் போகும்போது மற்றவர் சின்னதோடு காத்திருக்கலாம். அவர் வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசையில் சேரும் முன்பே வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்க வேண்டும், பாதியில் கேட்டால் அநேகமாக நடக்காது. வேறு பார்க்குகளிலும் வேறு பெயரில் இது உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நண்பகல் 12-க்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். எல்லோரும் உட்காரும் நேரத்தில் உட்கார்ந்தால் உணவுக்கே ஒரு மணி நேரம் போகும். வயிறு நிறைந்ததும் சுற்றும் ரைடு வேண்டாம். வெயில் உச்சத்தில் உள்ளரங்கக் காட்சிகள், அல்லது அறைக்குப் போய்த் தூக்கம். நீர் ரைடுகளையும் மதியமே முடித்துவிடுங்கள், உடை காய நேரம் கிடைக்கும். மாலை கடைசி ஒரு மணி நேரத்தில் வரிசை மறுபடி சுருங்கும்.

இடி கேட்டால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்துவார்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கட்டடத்துக்குள் இருப்பது பாதுகாப்பு விதி. கடலுக்கும் அதே விதிதான்.

9. கடற்கரை நாள்

பார்க்கில் உங்கள் பிள்ளையைக் காக்கத் தடுப்புக் கம்பி இருக்கிறது, ஊழியர் இருக்கிறார். கடலில் நீங்கள்தான். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். இறங்கும் முன் கொடிகளைப் பாருங்கள். பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளரின் கண் இருக்கும். மஞ்சள் என்றால் கவனம். ஒற்றைச் சிவப்பு என்றால் கடும் ஆபத்து, சில இடங்களில் இறங்கவே தடை. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடியாயிற்று. ஊதா என்றால் சொறிமீன் போன்றவை வந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் உண்டு என்பதால் அங்குள்ள பலகையையும் படியுங்கள்.

அலை எல்லா இடத்திலும் வெண்நுரையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்று இருண்டு தெரியும். புதியவர்கள் அங்கேதான் பிள்ளையை இறக்குவார்கள், அலை இல்லையே என்று. பெரும்பாலும் அதுதான் ரிப் கரண்ட். கரையில் குவிந்த நீர் மறுபடி கடலுக்குள் ஓடும் வழி அது. அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக்கூடும், பயிற்சி பெற்ற நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, கரையிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. சிக்கினால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அதோடு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பெரிய பிள்ளைகளுக்கு மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

நீரில் மூழ்குபவர் கத்துவதில்லை. மூச்சுக்கே போராடுபவருக்குக் குரல் வராது. அதனால் சிறுபிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நாலு பெரியவர்கள் இருந்தும் விபத்து நடப்பது, நாலு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பதால்தான். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள். முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருக்கிறோம், பார்ப்பவர் அதைப் போட்டுக்கொள்வார், அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

காற்றடைத்த மிதவைகள் கடலுக்கு வேண்டாம். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசினால் பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். மணலில் குழி தோண்டினால் அங்கே இருப்பவர்களில் மிகச் சின்னவரின் முழங்காலைவிட ஆழம் போகக் கூடாது. சரியும் மணல் ஆளை மூடிவிடும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள்.

காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் கடுமை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கரையை விட்டு ஏறிவிடுங்கள். மேகம் மூடினாலும் கதிர் வரும். குடைக்குக் கீழே உட்கார்ந்தாலும், உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சன்ஸ்கிரீனை அறையிலேயே, கிளம்பும் 20 நிமிடத்துக்கு முன் பூசுங்கள், மணல் ஒட்டிய தோலில் பூசினால் உரசிப் பிள்ளை அழும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் உடையும்தான் காப்பு.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி வற்றும், நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பாய் விரித்த இடம் இன்று அதே நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம். அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

10. பிள்ளை தவறினால்

தினமும் காலையில் கிளம்பும் முன் பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. போன் எண்ணை முன்கையில் பேனாவால் எழுதுங்கள். காணோம் என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடமோ குழந்தையோடு இருக்கும் அம்மாவிடமோ சொல் என்று பழக்குங்கள். கடற்கரையில் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், அதே நேரம் உயிர்காப்பாளரிடம் ஒருவர் ஓடட்டும். கூடாரங்களையும் கடைகளையும் பிறகு தேடலாம்.

11. கிளம்பும் நாள்

கிளம்பும் நாள் காலையில் கடலில் இறங்குவதானால், அறையைக் காலி செய்ய வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி முன்பே கரையேறிவிடுங்கள். குளிக்கவும், தலைமுடியில் உள்ள மணலைக் கழுவவும், ஈரத்தைப் பிழியவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். காலில் ஒட்டிய மணலைக் கொஞ்சம் பவுடர் தூவித் துடைத்தால் சட்டென்று உதிரும். ஈரத் துணிகள் மூடிய பிளாஸ்டிக் பைக்குள். வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிக்க வேண்டிய பை அதுதான்.